கண்ணிமையில் உரசிப் பார்த்தவள்

பிரேசர் டவுன், பெங்களூரு
8 ஜனவரி 2024

அன்புள்ள மௌரீன் அக்காவுக்கு,

சோஃபி எழுதுகிறேன். நானும் க்ளெனும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த மலைக் குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ள அனுமதி உண்டா, அதற்கும் மதரைக் கேட்க வேண்டுமா? (மதர், இதை முதலில் படிப்பது நீங்கள்தான் என்று தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

உடைகளை ஆன்லைனில் விற்க மதர் சம்மதித்த செய்தி கிடைத்தது. நவம்பரில் மடத்துச் சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சிவாஜி நகர் கடைக்காரர்கள் கையால் தைத்த ஞானஸ்நான உடையை இனி வாங்க மாட்டார்களாம், மெஷின் உடையே போதுமாம். வருகிற நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்குள் தையல் அறை தன் காலில் நிற்காவிட்டால் அதை மூடி, உங்கள் நான்கு பேரையும் வடக்கே எங்கோ ஒரு மடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பி வழியாகப் பார்க்கிற அக்காவையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கவலையை என்னிடம் விடு. பொம்மனஹள்ளி ஆபீஸில் ஒன்பது வருஷம் குக்கர் முதல் நாய்ச் சங்கிலி வரை ஆன்லைனில் விற்கும் சாமான்களுக்கு விளம்பரம் எழுதியவள் நான். ஜனங்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஒரு பெரிய விலையைப் போட்டு அதன் மேல் கோடு கிழிக்க வேண்டும். ‘இன்னும் மூன்றே மூன்று’ என்று சிவப்பில் எழுத வேண்டும். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பலாம், ஆனால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. உடைகளை அனுப்பு.

உன் ஜெபத்தில் எங்களை நினை.
சோஃபி

*

மடம்
19 ஜனவரி 2024

பாசமுள்ள சோஃபிக்கு,

இயேசுவுக்குப் புகழ். முழங்கால் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. காலுறைக்கு அனுமதி உண்டு. மதர் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார்.

பன்னிரண்டு உடை அனுப்பியிருக்கிறோம். எல்லாம் மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி, ஓரத்தில் நிழல் தையல்.

உன் வித்தைகளில் இரண்டை மதர் அடித்துவிட்டார். நாங்கள் கேட்காத விலையைப் போட்டு எதற்குக் கோடு கிழிக்க வேண்டும்? அலமாரியில் நாற்பது உடை இருக்கும்போது ‘மூன்றே மூன்று’ என்றால், பாவசங்கீர்த்தனத்தில் நான் என்னவென்று சொல்வது? அதற்குப் பதில் ஒன்றை எழுது. இந்தத் துணி இரண்டு வருஷத்தில் லேசாக மஞ்சளாகும். வாங்குகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நவம்பரில் வந்தபோது இளைத்திருந்தாய். க்ளெனுக்கு என் ஆசீர்.

அக்கா

*

பிரேசர் டவுன்
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குக் காபி வாசனையே ஆகவில்லை, வேறொன்றும் குறையில்லை. க்ளென் என்னைப் பார்சல் தொட விடுவதில்லை. “நீ சும்மா குந்து பா, நான் பாத்துக்கறேன்” என்று விரட்டுகிறான்.

கடை திறந்து பத்து நாள் ஆயிற்று. நூற்றுக்கணக்கான பேர் வந்து பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. மஞ்சளாகும் என்று நாமே எழுதினால் யார் வாங்குவார்கள் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உண்மைக் காரணம் புரிந்தது. ஆள் இல்லாத ஓட்டலில் யாரும் நுழைய மாட்டார்கள். வாங்கியவர்கள் எழுதுகிற ரிவ்யூ ஒன்றாவது இருந்தால்தான் அடுத்த ஆள் வருவாள். படம், விலை, ஸ்டார் எல்லாம் அப்புறம். தன்னைப் போல ஒருத்தி ஏற்கெனவே வாங்கியிருக்கிறாள் என்று தெரிய வேண்டும்.

அந்த முதல் ஆளும் வந்துவிட்டாள் அக்கா. பிரேசர் டவுன்காரிதான். நாலே நாலு வரி எழுதியிருக்கிறாள், அவ்வளவு நன்றாக இருக்கிறது. அவள் எழுதிய இரண்டாம் நாளே மூன்று உடை போயிற்று.

அவள் யார் என்பதை ஈஸ்டருக்குப் பிறகு சொல்கிறேன். கூடவே ஒரு செய்தியும் இருக்கிறது. இப்போது கேட்காதே, சொல்ல மாட்டேன்.

குதித்துக்கொண்டிருக்கும்
சோஃபி

*

மடம்
10 பிப்ரவரி 2024

பாசமுள்ள சோஃபிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இருபது உடை அனுப்புகிறோம். காபி ஆகாவிட்டால் சுக்குத் தண்ணீர் குடி.

பதினாலாம் தேதி தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்பது உனக்குத் தெரியும். குடும்பத்தில் மரணம் என்றால் மட்டும், பெயர், உறவு, தேதி மூன்றும் எழுதிய சீட்டை வாசல் சிஸ்டர் வாங்குவார். அதை மரித்தோர் ஏட்டில் ஏற்றி, எல்லோரும் ஜெபிப்போம். அப்படி ஒரு சீட்டு யார் வீட்டிலிருந்தும் வராமல் இருக்கட்டும்.

உன் செய்திக்காக நாற்பது நாள் காத்திருப்பேன். ஆவலை அடக்குவதும் ஒரு தவம்தான்.

அக்கா

*

பிரேசர் டவுன்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். இங்கே வெயில் ஏறிவிட்டது. நான் மார்ச்சில் ஒரு வாரம் படுத்திருந்தேன், இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

வியாபாரம் நன்றாகப் போகிறது. நீ அனுப்பிய முப்பத்திரண்டும் தீர்ந்துவிட்டது. மஞ்சளாகும் என்ற வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். நல்லவேளை, எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் வாங்கினோம் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். குறையைச் சொல்கிறவர்கள் மற்றதைப் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள் என்பது ஜனங்களின் கணக்கு. ஐந்து ஸ்டாராகவே இருந்தால் யாரும் நம்புவதில்லை, நடுவில் ஒருவர் இரண்டு ஸ்டார் கொடுத்துத் திட்டினால்தான் கடைக்கு உயிர் வருகிறது. சின்னப்பா என்று ஒருவர் பொத்தான் சின்னதாக இருக்கிறது என்று கோபமாக எழுதியிருக்கிறார். அவருக்கு நன்றி.

நாற்பது உடை வேண்டும், சீக்கிரம் அனுப்பு. பெரிய அளவில் கொஞ்சம் தை.

சோஃபி

*

மடம்
28 ஏப்ரல் 2024

பாசமுள்ள சோஃபிக்கு,

அல்லேலூயா. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வாரம் படுத்திருந்ததாக ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். என்ன காய்ச்சல்? டாக்டரிடம் போனாயா? ஈஸ்டருக்குப் பிறகு சொல்வதாக இருந்த செய்தி எங்கே? அந்த முதல் ஆள் யார்?

நாற்பது உடை தயார். வாங்கியவர்கள் எழுதுவதை மதர் பார்க்க ஆசைப்படுகிறார். இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. காகிதத்தில் அச்சடித்து அனுப்ப முடியுமா?

பதில் போடு.
அக்கா

*

பிரேசர் டவுன்
24 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

போன வாரம் கம்பி வழியாக உன்னைப் பார்த்ததில் நிம்மதி. நீ கேட்டதற்கெல்லாம் நான் வியாபாரத்தையே பேசிக்கொண்டிருந்தேன், கோபம் வேண்டாம். சந்திப்பு அறையில் அரை மணி நேரம்தானே தருகிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மதர் கேட்ட ரிவ்யூக்களை அச்சடித்து வைத்திருக்கிறேன். மேலே இருப்பதுதான் பிரேசர் டவுன்காரி எழுதியது. ‘பயனுள்ளது’ என்று இருநூற்றுப் பதினாலு பேர் அழுத்தியிருக்கிறார்கள்.

எல்லம்மா என்று ஒருத்தி பொம்மனஹள்ளியிலிருந்து போன் பண்ணினாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை. “மேடம், நாங்க சர்ச்சுக்காரங்க இல்ல. பொண்ணுக்குப் பேர் வெக்கறோம், இந்த டிரெஸ் போட்டா யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்களா?” என்றாள். தாராளமாகப் போடுங்கள் என்றேன். எதைப் பார்த்து வாங்க நினைத்தீர்கள் என்று தொழில் புத்தியில் கேட்டுவைத்தேன். “அந்தம்மா, தையலைக் கண்ணு மேல தேச்சிப் பாத்தேன்னு எழுதிருக்காங்களே, அதான். ஃபோட்டோ யாரு வேணா போடுவாங்க மேடம். பெத்தவ இல்லாம யாரு கண்ணு மேல தேச்சிப் பாப்பா?” என்றாள்.

இதைவிட நன்றாக எங்கள் ஆபீஸில் யாரும் சொன்னதில்லை.

சோஃபி

*

மடம்
6 ஜூலை 2024

சோஃபிக்கு,

இயேசுவுக்குப் புகழ். தாள்கள் வந்தன. முதல் தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

‘என் பிள்ளைக்காக வாங்கினேன். தையல் விளிம்பைக் கண்ணிமையில் உரசிப் பார்த்தேன். குத்தவில்லை. என் பிள்ளைக்கும் குத்தாது.’

கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகளில் எல்லோர் முன்னாலும் மம்மி துணி விளிம்பைக் கண்ணிமையில் உரசுவாளே, நாம் வெட்கப்பட்டுத் தள்ளிப்போய் நிற்போமே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டைத் தவிர வேறு எங்கும் நான் அந்தப் பழக்கத்தைப் பார்த்ததில்லை. இதை எழுதியது நீ.

ஏழு வருஷமாக உனக்கு ஒரு பிள்ளை கேட்டு தினமும் முழங்காலில் நிற்கிறேன். இல்லாத பிள்ளையைக் காட்டி நீ வியாபாரம் செய்வாய் என்று நினைக்கவில்லை. இருநூறு தாய்மார்கள் இந்த வார்த்தையை நம்பியிருக்கிறார்கள்.

மதரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை, சொல்லிவிட்டேன். அதை எடுக்கும்வரை இங்கிருந்து ஓர் உடையும் வராது. எடுக்க மனமில்லை என்றால் கடையை மூடிவிடு. வடக்கே போவதற்கு நான் தயாராக இருக்கிறேன். பொய்ச் சாட்சியில் பிழைப்பதைவிட அது மேல்.

அக்கா

*

பிரேசர் டவுன்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கும் மதருக்கும்,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், எப்படியும் இருவரும்தான் படிக்கப்போகிறீர்கள். நான் சுகம். எட்டு வாரம் பதில் போடாததற்கு மன்னிப்பு. கடையில் ஓர் உடையும் இல்லை. ‘கையிருப்பு இல்லை’ என்று பக்கம் சொல்கிறது.

எழுதியது நான்தான். ஜனவரி முப்பது, செவ்வாய்க்கிழமை. அன்று எனக்குப் பத்தாவது வாரம். அந்த உடையைக் கடைக்காக வாங்கவில்லை அக்கா, என் பிள்ளைக்காக வாங்கினேன். கண்ணிமையில் உரசிப் பார்த்தேன். குத்தவில்லை. எழுதிய அன்று அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்காதே என்று க்ளெனின் அம்மா சொல்லியிருந்தார். பிப்ரவரி பதினாறோடு முடிந்தது. உங்கள் கதவு பதினாலாம் தேதி மூடிக்கொண்டது. இரண்டே நாள்.

மார்ச் நாலாம் தேதி, திங்கட்கிழமை, போய்விட்டது. நீ அன்றைக்கும் எனக்குப் பிள்ளை கேட்டு முழங்காலில் நின்றிருப்பாய். மடத்துக்குச் சீட்டு அனுப்பலாம் என்று க்ளென் சொன்னான். “இதுவும் நம்ம வீட்டு சாவுதானே பா” என்று அழுதான். காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன். பிறகு கதவு திறந்தபோது, ஈஸ்டர் வாழ்த்தோடு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ரிவ்யூவை எடுக்க ஒரு நிமிஷம் போதும். தினமும் போய்ப் பார்க்கிறேன். ‘நீக்கவா?’ என்று கேட்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எங்கேயும் அதைப் பிள்ளை என்று எழுதவில்லை. பிள்ளை என்று எழுதியிருப்பது அந்த ஓரிடத்தில்தான். உனக்கு அச்சடித்து அனுப்பியதுகூட, நீ கண்டுபிடித்துக் கேட்க வேண்டும் என்றுதானோ என்னவோ.

நீங்கள் எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். ஆனால் அது பொய் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி இன்றைக்குத்தான்.

சோஃபி

*

மடம்
9 செப்டம்பர் 2024

என் சோஃபி,

மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. தையல் அறைக்குத் தானே வந்தார். எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கடைசி வரி வந்ததும் தாளை என்னிடம் நீட்டிவிட்டார். என்னாலும் வாசிக்க முடியவில்லை.

உன்னைப் பொய்க்காரி என்று எழுதிய கை இது. மன்னித்துவிடு. ஜூனில் உன் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே, அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

நேற்று மாதா பிறந்த திருநாள். இருபத்தைந்து உடை அனுப்பியிருக்கிறோம். இப்போது நாங்கள் நால்வரும் விளிம்பைக் கண்ணிமையில் உரசிப் பார்த்த பிறகே மடிக்கிறோம். சிஸ்டர் ஒருத்திக்குக் கண் சிவந்துவிட்டது, அந்த உடையைப் பிரித்து மறுபடி தைத்தோம்.

அக்கா

சோஃபியா, நீ எழுதியது உண்மைச் சாட்சி. வைப்பதும் எடுப்பதும் உன் விருப்பம். இனி எந்தத் தவக்காலத்திலும் உனக்காக இந்தக் கதவு திறக்கும். – மதர்

*

பிரேசர் டவுன்
22 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குக் கதவை மூடுவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். நானும் க்ளெனும் சுகம். காபி இப்போது இரண்டு டம்ளர்.

சகல பரிசுத்தவான்கள் திருநாளும் போயிற்று, தையல் அறையும் நிற்கிறது, நீயும் அங்கேயே இருக்கிறாய். நான் சொன்னேனா இல்லையா?

ரிவ்யூவின் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘அந்தப் பிள்ளை பிறக்கவில்லை. உடை என்னிடம் இருக்கிறது. எழுதுவது சோஃபியா, இந்தக் கடையை நடத்துகிறவள்.’ ஒன்பதாம் நாள் கடை நடக்கிற சைட்காரர்கள் மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். கடைக்காரி தன் கடைக்கே ரிவ்யூ எழுதக்கூடாதாம். விதி எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். ஒருநாள் முழுக்க அழுதேன். மறுநாள் உடையின் விவரத்தில் எழுதினேன்: ‘தைத்தவர்கள் விளிம்பைக் கண்ணிமையில் உரசிப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள்.’ இப்போது அது உண்மைதானே. ஆர்டர் குறையவில்லை.

இன்னொன்று. சந்தாபுராவிலிருந்து ரூபினி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். உடை வாங்கி நாலு மாதம் ஆயிற்றாம். “பாக்கெட்டே பிரிக்கல மேடம். இனிமே வேணாம். ரிட்டர்ன் எடுப்பீங்களா?” என்றாள். ஏழு நாள், காரணம் வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான். “அனுப்புங்கம்மா” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. விலாசம் மட்டும் சொன்னேன். அன்றைக்கே பக்கத்தை மாற்றினேன்: ‘எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டாம்.’ இதுவரை திருப்பியவர்கள் இரண்டே பேர். இந்த வரியைப் பார்த்து வாங்கியவர்கள் அதைப் போலப் பல மடங்கு. ஒன்பது வருஷம் இது தெரியாமல் சம்பளம் வாங்கியிருக்கிறேன் அக்கா.

என்னுடையதை நான் திருப்பவில்லை. அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துக் கண்ணிமையில் உரசிப் பார்க்கிறேன். இன்னும் குத்தவில்லை.

ஜூனில் நான் அனுப்பிய முதல் தாள் இருக்கிறதா? மடத்தில் நீங்கள் எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று தெரியும். ஆனால் இப்போது எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். கிழிக்காமல் இருந்தால் அனுப்பிவை.

ஐம்பது உடை வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள்.

சோஃபி

*

மடம்
28 நவம்பர் 2024

என் சோஃபி,

இயேசுவுக்குப் புகழ். முழங்கால் பரவாயில்லை.

தாளை அனுப்ப முடியாது. செப்டம்பரிலேயே மதர் அதை மரித்தோர் ஏட்டில் ஒட்டிவிட்டார், மார்ச் நாலாம் தேதிப் பக்கத்தில். உறவு என்ற இடத்தில் சிஸ்டர் மௌரீனின் தங்கை பிள்ளை என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். பெயருக்கு இடம் விட்டிருக்கிறார். நீயும் க்ளெனும் எப்போது சொன்னாலும் எழுதிக்கொள்வோம். சொல்லாவிட்டாலும் வருஷாவருஷம் அந்த நாளில் அந்த நாலு வரியையும் சத்தமாக வாசித்து ஜெபிப்போம்.

ஐம்பது உடையையும் இன்று காலை பஸ்ஸில் ஏற்றியாயிற்று. எல்லாவற்றையும் உரசிப் பார்த்துவிட்டோம்.

அக்கா